அடுப்பில் பொங்கிய பால்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய பிரம்மோத்ஸவத்தை முன்னிட்டு வெளியாகும் இம்மலரில், பாகவதத்திலுள்ள ஒரு திருக்கதையை அனுஸந்தித்து, அதன் வாயிலாக நம் இல்லங்களிலும் திருக்கோயிலிலும் அன்றாடம் நிகழும் ஒரு செய்தியைத் தங்கள் திருவுள்ளத்தில் படும்படி விண்ணப்பிக்க விரும்புகிறேன். அச்செய்தி, கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரைப் பற்றியது. திருவிழா மலரில் இது எதற்கு என்று எவரும் எண்ண வேண்டா. நம் ஸம்பிரதாயத்தில் இதைவிடப் பொருத்தமான விஷயம் வேறொன்று இல்லை என்பதைப் போகப் போக அறிவீர்கள்.

எம்பெருமானுடைய கல்யாண குணங்கள் எண்ணிறந்தவை. அவற்றுள் அடியார்களாகிய நமக்குத் தஞ்சமாயிருப்பது வாத்ஸல்யம் என்னும் குணம். 'வத்ஸம்' என்றால் கன்று. கன்றை ஈன்ற பசு, அதன் உடம்பிலுள்ள அழுக்கை அருவருக்காமல் நாவினால் நக்கித் துடைத்து, அதையே தனக்கு இனிய உணவாகக் கொள்வதுபோல, அடியாருடைய குற்றத்தையே போக்யமாகக் கொள்ளுகை வாத்ஸல்யம் என்று நம் பூர்வாசாரியர்கள் விளக்கினார்கள். ஆசாரியனுடைய கிருபையைச் சொல்ல வந்தவிடத்திலும், பால் குடிக்கும் குழந்தைக்கு நோய் வந்தால் தாய் தான் மருந்து உண்பாளே, அதைப்போல என்றே அருளிச்செய்தார்கள். மிக உயர்ந்த தத்துவத்தைப் பேசப் புகுந்த மஹான்களுக்கு, பாலூட்டும் பசுவையும் பாலூட்டும் தாயையும் தவிர வேறு சிறந்த உவமை கிடைக்கவில்லை. இந்த உவமைகளைக் காலக்ஷேபத்தில் கேட்டுத் தலையசைத்து உருகுகிற நாம், அந்த உவமைக்குரிய தாய் நம் எதிரிலேயே குழந்தையோடு உட்கார்ந்திருக்கும்போது எவ்வாறு நடந்துகொள்கிறோம்? இதுவே கேள்வி.

இனித் திருக்கதைக்கு வருவோம். ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம், ஒன்பதாம் அத்தியாயம். ஒருநாள் யசோதைப் பிராட்டி தானே உட்கார்ந்து தயிர் கடைகிறாள். பிள்ளையின் சேஷ்டிதங்களைப் பாட்டாகப் பாடிக்கொண்டே கடைகிறாள். பசித்து வந்த கண்ணன் மத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறான். அவள் கடைவதை விட்டு, பிள்ளையை மடியில் ஏந்தி, அவன் திருமுக மண்டலத்தைப் பார்த்தபடியே பாலூட்டுகிறாள். அந்த வேளையில் அடுப்பில் வைத்திருந்த பால் பொங்குகிறது. இன்னும் வயிறு நிறையாத குழந்தையை இறக்கி விட்டுவிட்டு அவள் விரைந்து ஓடுகிறாள். குழந்தைக்கு வந்ததே கோபம்! சிவந்த உதடு துடிக்க, கல்லை எடுத்துத் தயிர்ப் பானையை உடைத்துவிட்டு, உள்ளே போய் வெண்ணெயை உண்ணத் தொடங்குகிறான். அதன் பிறகு நடந்தது உலகறிந்தது. தாய் கோலெடுத்துத் துரத்துகிறாள், உரலோடு கட்டுகிறாள், அவன் தாமோதரன் என்னும் திருநாமம் பெறுகிறான்.

இவ்விடத்தில் சிலருக்கு ஓர் ஐயம் எழும். ஸர்வேச்வரனே மடியில் இருக்க, அவனை இறக்கிவிட்டு ஒரு பானைப் பாலுக்காக ஓடலாமோ? அந்தப் பாலும் அவனுக்காகவே காய்ச்சிய பால் அன்றோ என்பது இதற்கு ஸமாதானம். தாய் செய்யும் எந்த வேலையும் கடைசியில் குழந்தைக்காகவே முடிகிறது. ஆகையால் யசோதைப் பிராட்டியிடம் குற்றம் காண இடமில்லை.

அப்படியானால் குழந்தை பாதி வயிற்றோடு இறங்க நேர்ந்தது யாரால்? விடையை வேறெங்கும் தேட வேண்டா. அந்த அத்தியாயத்தின் முதல் சுலோகத்திலேயே சுகப்பிரம்மம் அதைச் சொல்லி வைத்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுப் பணிப்பெண்கள் அனைவரும் வேறு வேலைகளில் ஏவப்பட்டிருந்தார்கள் என்று கதையைத் தொடங்குகிறார். நந்தகோபருடைய மாளிகையில் பசுக்களுக்குக் குறைவில்லை, பாலுக்குக் குறைவில்லை, ஆட்களுக்கும் குறைவில்லை. ஆயினும், தாய் பாலூட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு கணத்தில், அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைக்க ஒரு கை அருகில் இல்லை. அந்த ஒரு கை இருந்திருந்தால் குழந்தை வயிறார உண்டிருக்கும்.

அன்பர்களே, அடியேன் சொல்ல வந்தது இது ஒன்றுதான். பாலூட்டுவது தாய் ஒருத்தியால் ஆகும் காரியம். பானையை இறக்கி வைப்பதோ மற்ற எல்லாராலும் ஆகும் காரியம். நாம் அதைச் செய்யாதிருந்துவிட்டு, குழந்தை அழுகிறதே என்று அவளையே கேட்கிறோம்.

பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத மருமகள் பாலூட்ட உட்காருகிறாள். உட்கார்ந்த மாத்திரத்திலேயே, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வருகிறது. வந்த விருந்தாளி ஒருவர் குழந்தையைப் பார்த்து, "பால் போதவில்லை போலிருக்கிறதே, இளைத்துக் கிடக்கிறதே" என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டுக் காபி அருந்திப் போய்விடுகிறார். அந்த வார்த்தை அத்தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நிற்கிறது. அவள் இரவு மூன்று முறை எழுந்ததை எவரும் எண்ணுவதில்லை. அவள் சாப்பிட்டாளா என்பதை எவரும் கேட்பதில்லை.

இச்சொற்கள் மனத்தை மட்டும் அல்ல, பாலையும் தடுக்கும் என்பதை மருத்துவ நூல் கண்டறிந்திருக்கிறது. குழந்தை பால் சுவைக்கும்போது தாயின் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வெளிப்படுகின்றன. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோஸின் என்பது உண்டான பாலை இறங்கி வரச் செய்கிறது. அச்சம், வலி, வெட்கம், மனக்கலக்கம் ஆகியவை இந்த இரண்டாவதன் வேலையைத் தடுக்கின்றன. பால் இருந்தும் இறங்காது. ஆகவே, "உனக்குப் பால் இல்லை" என்று கடிந்து சொல்லுகிறவர், தம் சொல்லினாலேயே அதை உண்மையாக்கிவிடக் கூடும். பரிவோடு ஒரு தம்ளர் நீரும் ஒரு பிடி சோறும் கொண்டுவந்து வைப்பவர் அந்தப் பாலைப் பெருகச் செய்கிறார். பாலூட்டும் தாய்க்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அளவு அதிக உணவு வேண்டும். பத்தியம் என்ற பெயரால் அவளைப் பட்டினி போடுவது தர்மமாகாது.

இதில் ஆண்மக்களுக்கு என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. க்ருஹ்ய ஸூத்திரத்தைத் திறந்து பாருங்கள். ஆபஸ்தம்ப மஹரிஷி ஜாதகர்மத்தை விதிக்கும்போது, தந்தை மந்திரத்தைச் சொல்லிக் குழந்தையைத் தாயின் மடியில் வைக்க வேண்டும், அடுத்த மந்திரத்தால் அவளுடைய வலது ஸ்தனத்தைக் குழந்தைக்குக் கொடுக்கச் செய்ய வேண்டும் என்கிறார். பிறந்த குழந்தையின் முதல் பாலுக்குத் தந்தை மந்திரபூர்வமாகப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது சாஸ்திரத்தின் திருவுள்ளம். இன்று நாம் அந்த மந்திரங்களைப் புண்யாஹவாசனத்தன்றோ நாமகரணத்தன்றோ சேர்த்துச் சொல்லி முடித்துவிடுகிறோம். மந்திரம் நகர்ந்துபோனாலும் அதன் தாத்பர்யம் நகரலாகாது. குழந்தையை எடுத்துத் தாயிடம் கொடுப்பது, பசியாறிய பின் வாங்கித் தோளில் சாய்த்துத் தட்டிக் கொடுப்பது, துணி மாற்றுவது, இரவில் விழித்திருப்பது ஆகியவை தந்தைக்கு இழிவல்ல. அவை அந்த மந்திரத்தின் தொடர்ச்சியே.

இதற்கும் மேலான பிரமாணம் ஒன்று உண்டு. பெரியாழ்வார் ஓர் ஆண்மகன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூமாலை ஸமர்ப்பித்து வாழ்ந்த அந்தணர். அவர் யசோதைப் பிராட்டியின் பாவத்தை ஏறிட்டுக்கொண்டு, இரண்டாம் பத்தின் இரண்டாம் திருமொழி முழுவதையும் கண்ணனை அம்மம் உண்ண அழைப்பதாகவே பாடியிருக்கிறார். அம்மம் என்பது தாய்ப்பாலைக் குறிக்கும் மழலைச் சொல். இரவில் உண்ணாமல் தூங்கிவிட்ட பிள்ளையின் ஒட்டிய வயிற்றையும், பொழுது உச்சியை எட்டிவிட்டதையும், தன் மார்பில் பால் தானே வழிந்தோடுவதையும் சொல்லிச் சொல்லி அந்தத் தாய் அழைக்கிறாள். பாலூட்டும் தாயின் உடல் எப்படித் தவிக்கும் என்பதை உற்றறிந்தாலொழிய இவ்வாறு பாட முடியாது. ஆழ்வார் உற்றறிந்தார். அப்பாசுரங்களைப் பெருமாள் திருமுன்பே கோஷ்டியாக நின்று உரக்க ஸேவிக்கிறோம். நாவினால் ஸேவிப்பதைக் கண்ணினால் இகழலாமோ?

இனி, அன்பினாலேயே செய்யப்படும் சில தவறுகளையும் சொல்ல வேண்டும். பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறமான சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. நோயை எதிர்க்கும் சக்தி மிகுந்திருப்பது அந்தப் பாலில்தான். பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைக்கும் 'சேனை' என்ற வழக்கமும் உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும், முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர் உட்பட, வேண்டியதில்லை, அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் பாலூட்டலாம் என்று உலக ஸுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய்ப்பாலில் பெரும் பங்கு நீரே ஆகையால் கோடையிலும் குழந்தைக்குத் தாகம் தீரும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது என்பது மருத்துவர்களின் தீர்மானம். ஆகையால் ஜாதகர்மத்தில் வரும் தேனையும் நெய்யையும் குழந்தையின் வாயில் இடாமல், காட்டி நிவர்த்திப்பதே இக்காலத்துக்கு உசிதம். குழந்தையின் க்ஷேமத்திற்காக ஏற்பட்ட கர்மம் க்ஷேமத்திற்கு விரோதமாகலாகாது.

டப்பாப் பாலை விளம்பரம் செய்து தாய்மாரை மயக்குவதைத் தடுக்க, 1992-ஆம் ஆண்டில் பாரத தேசத்தில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி டப்பாவின் மேலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று அச்சிட வேண்டும். கம்பெனிக்காரர் சொல்லக்கூடாது என்று சட்டம் தடுத்ததை, அத்தை மாமி உறவினர் வீட்டுக்குள்ளிருந்தே சொல்லலாமோ?

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு, பாலூட்ட இயலாத தாயை எவரும் பழித்துவிடலாகாது. நோயினாலோ, குறைமாதப் பேற்றினாலோ, வேறு காரணத்தினாலோ சிலருக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. தேவகிப் பிராட்டியை நினையுங்கள். ஸர்வேச்வரனைத் திருவயிற்றில் சுமந்தவள் அவள். ஆயினும் அன்றிரவே பிள்ளையைப் பிரிந்தாள். குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் அவளுடைய புலம்பலைத் தம்முடையதாக்கிப் பாடுகிறார். நஞ்சு தோய்ந்த மார்பைக் கொடுத்த பூதனைக்குக் கிடைத்ததும் தனக்குக் கிடைக்கவில்லையே என்று அவள் ஏங்குகிறாள். அந்த ஏக்கத்தை ஆழ்வார் பரிவோடு பாடினாரேயன்றி, தேவகியைக் குறைவாக ஒரு சொல் சொன்னாரில்லை. பாலூட்ட முடியாத தாயும் தாயே. அவளிடம் காரணம் கேட்டு விசாரணை நடத்த நமக்கு அதிகாரம் இல்லை.

அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வேறு தாய்மார் பால் கொடுத்து உதவுவதும் நமக்குப் புதியதன்று. யசோதையே பெற்ற தாயல்லள். பிரமன் ஆயர்சிறுவரையும் கன்றுகளையும் மறைத்து வைத்தபோது, கண்ணன் தானே அத்தனை சிறுவர்களாகவும் கன்றுகளாகவும் ஆகி, ஓராண்டு காலம் ஆய்ப்பாடியிலுள்ள தாய்மார் அனைவரின் பாலையும் உண்டான் என்று தசம ஸ்கந்தத்தின் பதின்மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது. இக்காலத்தில் 1989-ஆம் ஆண்டு பம்பாய் சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் நம் தமிழகத்து அரசு மருத்துவமனைகளிலும் அவை ஏற்பட்டன. பால் மிகுந்த தாய் கொடுத்ததைப் பரிசோதித்துப் பதப்படுத்தி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஊட்டுகிறார்கள். முகமறியாத ஒரு சிசுவுக்குப் பால் தரும் பெண்மணி, ஆய்ப்பாடித் தாய்மாரின் வரிசையில் வைத்து எண்ணத் தக்கவள். விஷத்தைப் பாலோடு கொடுத்த பூதனைக்கே தாய்க்குரிய கதியைக் கொடுத்தவன், அன்போடு பால் கொடுப்பவளுக்கு என்னதான் கொடுக்க மாட்டான்!

வீட்டுக்கு வெளியேயும் பானை இறக்க வேண்டிய இடங்கள் உண்டு. வேலைக்குச் செல்லும் தாய், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை நாள்தோறும் இருமுறை பாலூட்ட இடைவேளை பெற 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சட்டம் வழி செய்தது. 2017-ஆம் ஆண்டின் திருத்தம் ஊதியத்தோடு கூடிய விடுமுறையை 26 வாரங்களாக உயர்த்தி, ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. இவை யாவும் நற்காரியங்கள். எனினும், நடவு வயலின் வரப்பு மரத்தில் தூளி கட்டிவிட்டு நாற்று நடுகிறவளுக்கும், கட்டட வேலையில் கல் சுமக்கிறவளுக்கும் சட்டத்தின் கை பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்கே எட்ட வேண்டியது வேலை கொடுக்கும் நம்முடைய கை. கூலியைப் பிடிக்காமல் கால் மணி நேரம் உட்காரவிடுவதும் பகவத் கைங்கர்யமே. கடையில், பஸ்ஸில், ரயிலில் பாலூட்டும் தாயைக் கண்டால் உட்கார இடம் கொடுத்து, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது ஆண்மகனுக்கு அழகு. அவள் வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்றையும் செய்யவில்லை. உற்றுப் பார்ப்பவனே வெட்கப்பட வேண்டியவன்.

முடிவாக நம் திருக்கோயிலுக்கு வருகிறேன். கருட ஸேவையன்றும் திருத்தேரன்றும் கைக்குழந்தையோடு எத்தனை தாய்மார் வருகிறார்கள்! வரிசையில் மணிக்கணக்கில் நிற்கையில் குழந்தை பசித்து அழுகிறது. ஒதுங்கித் தூண் மறைவில் உட்கார்ந்தால், "கோயிலில் இதென்ன அநாசாரம், வெளியே போ" என்று அதட்டுகிற குரல் எழுகிறது. ஆசாரத்தை அடியேன் அறியாதவன் அல்லன். ஸந்நிதிக்குள் எவரும் எதையும் உண்ணலாகாது. அந்த மரியாதை குழந்தைக்கும் பொருந்தும். ஆனால் வெளிப் பிராகாரத்து மண்டபத்தில் நாம் அனைவரும் உட்கார்ந்து புளியோதரையும் தயிர்ச்சாதமும் உண்கிறோம். நமக்குப் பிரஸாதம் உண்ண இடமுள்ள மண்டபத்தில், குழந்தைக்குப் பால் உண்ண இடமில்லையா?

ஆகையால் தர்மகர்த்தர்களையும் கைங்கர்யபரர்களையும் தொண்டர் படையினரையும் அடியேன் வேண்டிக்கொள்வது இது. இவ்வுத்ஸவத்திலிருந்தே, வெளி மண்டபத்தின் காற்றோட்டமான ஒரு பகுதியைத் தட்டி கட்டி ஒதுக்குங்கள். சாய்ந்து உட்காரத் தக்க ஆசனமும், குடிநீரும், துணைக்கு வயதான மாதர் ஒருவரும் அங்கே இருக்கட்டும். தட்டி என்பது அத்தாயின் வசதிக்காக. நம் அருவருப்புக்காக அன்று. குழந்தை அங்கே செல்லும் வரை பொறுக்காமல் அழுதால் அவள் இருந்த இடத்திலேயே பாலூட்டட்டும், ஒருவரும் அதட்ட வேண்டா. கைக்குழந்தையோடு வருபவளை வரிசையில் முன்னே விடுங்கள். தளிகைப் பிரஸாதம் வழங்கும்போது முதல் தொன்னை அவளுக்கு ஆகட்டும். இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. பானையை இறக்கி வைக்கும் அளவே வேலை.

தாமோதரன் கதையின் முடிவை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டிலுள்ள கயிற்றையெல்லாம் சேர்த்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை குறைந்தது. பிரமனாலும் ருத்ரனாலும் அளக்க முடியாதவன் எப்படிக் கட்டுண்டான்? தாயின் மேனியில் வியர்வை அரும்பியதையும், கூந்தலிலிருந்து பூமாலை நழுவியதையும், அவளுடைய சிரமத்தையும் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் இரங்கித் தானே கட்டுண்டான் என்கிறது பாகவதம். ஸர்வேச்வரனை வசப்படுத்தியது கயிறு அன்று. பாலூட்டிய தாயின் களைப்பே. அந்தக் களைப்பைக் கண்டு இரங்கியவன் அவன். நாமோ அவனுடைய அடியார்கள். நம் வீட்டிலும் வீதியிலும் கோயிலிலும் அந்தக் களைப்பு கண்ணில் படும்போது நாமும் இரங்குவோமாக. பால் பொங்கும் முன்னே ஒரு கை சென்று பானையை இறக்கட்டும். மடியிலுள்ள குழந்தை வயிறார உண்ணட்டும்.

தாயாருடன் கூடிய எம்பெருமான் திருவருளால் எல்லா இல்லங்களிலும் தாயும் சேயும் நலமுற்று வாழ்க!

சுபமஸ்து.